லாஞ்சி பேட்டரியும் உப்புக் காற்றும்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் லாஞ்சி வந்து கட்டியதும் டிரைவர் என்னைக் கண்டால், "அண்ணாச்சி, பேட்டரி செத்துட்டு. புதுசு ஒண்ணு பாருங்க" என்பார். நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற பேச்சு இது. பேட்டரியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து, ஒரு நாள் முழுக்க சார்ஜில் போட்டு, மறுநாள் லோடு கொடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நன்றாகவே இருக்கும். மிச்சம் நிஜமாகவே செத்திருக்கும். அதிலும் வயதாகிச் செத்தது குறைவு. ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கும். அது என்னவென்று பார்க்காமல் புது பேட்டரியை வைத்தால் அதற்கும் அதே கதிதான்.

கரையில் ஒரு லாரி ஸ்டார்ட் ஆகாவிட்டால் நாலு பேர் தள்ளுவார்கள். ஆறு சிலிண்டர் லேலண்ட் இன்ஜினைக் கடலில் வைத்து யார் தள்ள முடியும்? கையால் சுற்றிக் கிளப்பவும் முடியாது. நீவாடு, அதாவது நீரோட்டம், இழுக்கிற பக்கம் படகு போகும். மன்னார் வளைகுடாவில் 1976 ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக் கோட்டை அப்படித் தாண்டிவிட்டால், பேட்டரி இறங்கிவிட்டது என்று இலங்கைக் கடற்படையிடம் சொல்லி நம்பவைப்பது எளிதில்லை. பழைய டிரைவர்கள் பலர் வலை கிடக்கும் நேரத்திலும் இன்ஜினை அணைக்கவே மாட்டார்கள். எண்ணெய் போனால் போகட்டும், நின்றால் திரும்பக் கிளம்புமோ கிளம்பாதோ என்கிற பயம். அந்தப் பயத்துக்காக எரிந்த டீசல் கொஞ்சநஞ்சமில்லை.

இந்தக் கரையில் கடைசியாக அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்குப் போன தோணிகளில் பேட்டரி என்ற பேச்சே கிடையாது. பாய், நங்கூரம், மண்ணெண்ணெய் விளக்கு, தோணியை நடத்துகிற தண்டலுடைய கண். நான் 1980-களின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய துறைமுகத்தில் தோணிகளுக்கு இன்ஜின் ஏறிக்கொண்டிருந்தது. ஓட்ட விளக்குக்கும் ரேடியோவுக்கும் ஒற்றை 12 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். இன்று திரேஸ்புரத்தில் ஒரு சின்ன வள்ளத்தை எட்டிப் பாருங்கள். ஜிபிஎஸ், மீன் காட்டும் எக்கோ சவுண்டர், விஎச்எஃப் செட், எல்இடி விளக்கு, நாலு பேருடைய செல்போன். எல்லாம் ஒரே பேட்டரியின் தலையில்.

அந்தக் காலத்து பேட்டரி கறுப்பு எபோனைட் பெட்டியில் வரும். மேலே தார் ஊற்றி மூடியிருப்பார்கள். ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் சேர்க்கிற ஈயக் கட்டை வெளியிலேயே தெரியும். ஆறு செல்லையும் தனித்தனியாக மீட்டர் வைத்துப் பார்க்கலாம். ஒரு செல் போயிருந்தால் தாரைச் சூடுகாட்டி எடுத்து, அந்த ஒரு செல்லின் பிளேட்டை மட்டும் மாற்றி, திரும்ப ஈயம் உருக்கிச் சேர்த்துவிடுவோம். பிறகு பிளாஸ்டிக் பெட்டி வந்தது, இணைப்பெல்லாம் உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு மூடியே திறக்காத பேட்டரி வந்தது, ஹைட்ரோமீட்டரையும் வைக்க முடியாமல் போயிற்று. ஆசிட் சிந்தாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதெல்லாம் நல்லதுதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க இருந்த ஜன்னலை அடைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. கடல் வேலைக்கு இன்னும் மூடி திறக்கிற பேட்டரியைத்தான் நான் சிபாரிசு செய்கிறேன்.

ஹைட்ரோமீட்டர் சொல்லுகிற சங்கதியை வேறு எதுவும் சொல்லாது. நம் ஊர் வெக்கைக்கு முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 1.250-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். ஆறும் ஒரே மாதிரி 1.180 காட்டினால் பேட்டரி பசியில் இருக்கிறது, சார்ஜ் போதவில்லை என்று அர்த்தம். ஐந்து செல் 1.250 காட்டி ஒன்று மட்டும் 1.120-ல் நின்றால் அந்தச் செல்லின் கதை முடிந்தது. மூடி திறக்காத பேட்டரியில் இதை வோல்ட் வைத்து ஊகிக்கலாம். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், செல்லுக்கு 2.1. சார்ஜ் போட்டு ஆறவைத்த பிறகும் 10.5-க்கு மேல் ஏறாமல் நின்றால் ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது. அதற்கு மேல் சார்ஜ் போடுவது கரண்டுக்குத்தான் கேடு.

டைனமோ காலத்துக் கோளாறுகள் இப்போது யாருக்கும் தேவைப்படாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரெகுலேட்டர் டப்பாவுக்குள் கட்-அவுட் என்று ஒரு பாயின்ட் இருக்கும். இன்ஜின் நின்றதும் அது பிரிந்துகொள்ள வேண்டும். உப்பு ஏறி ஒட்டிக்கொண்டால் இரவு முழுக்க பேட்டரி டைனமோவுக்குள் வடிந்துகொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் வந்ததும் அந்த வேலையை டயோடு எடுத்துக்கொண்டது. அதிலும் ஒரு டயோடு ஷார்ட் ஆனால் அதே வடிதல்தான். இன்ஜினை அணைத்து அரை மணி நேரம் கழித்து ஆல்டர்னேட்டரின் முதுகில் கை வைத்துப் பாருங்கள். இன்ஜின் சூடு தணிந்த பிறகும் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டயோடைச் சந்தேகப்படலாம்.

பெரிய இன்ஜினோடு 24 வோல்ட் வந்தது. இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகப் போட்டால் 24. செல்ஃப் மோட்டாருக்கு அது சரி. ஆனால் ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் பாட்டு செட்டும் 12 வோல்ட்டில் வந்தன. எல்லோரும் என்ன செய்தார்கள்? கீழ் பேட்டரியிலிருந்து, அதாவது எர்த் பக்கத்து பேட்டரியிலிருந்து, தனியாக ஒரு லைன் இழுத்துவிட்டார்கள். ஒயர்மேன் மட்டுமா, விவரம் தெரிந்த டிரைவர்களும் அப்படியே செய்தார்கள். பார்த்தால் எல்லாம் எரியும், பாடும், வேலை செய்யும்.

தருவைகுளத்து வள்ளம் ஒன்று. அவர்கள் செவுள்வலைக்காரர்கள், நாள்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். வருடத்துக்கு ஒரு ஜோடி பேட்டரி போகிறது என்று அதன் முதலாளியான சம்மாட்டி என்னிடம் வந்தார். பேட்டரி கம்பெனி மேல் அவருக்குக் கோபம். படகுக்குப் போய்ப் பார்த்தேன். மேல் பேட்டரியின் மூடியைத் திறந்தால் பிளேட் தலை தெரிகிறது, தண்ணீர் வற்றிக் கிடக்கிறது. கீழ் பேட்டரியில் தண்ணீர் கழுத்துவரை நிற்கிறது, ஆனால் ஹைட்ரோமீட்டரின் மிதவை எழும்பவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு இரண்டையும் சேர்த்து அளந்தால் 28 வோல்ட், மிகச் சரியான அளவு. தனித்தனியாக அளந்தபோது மேல் பேட்டரி 14.9, கீழ் பேட்டரி 13.1.

"ரெண்டும் ஒரே நாள்ல வாங்குனது அண்ணாச்சி, ஒண்ணு கொதிக்கி, ஒண்ணு படுத்துக் கெடக்கு. எப்படி?" என்று கேட்டார்.

தொடரில் இருக்கிற இரண்டு பேட்டரிக்கும் ஒரே ஆம்பியர்தான் ஏறும். கீழ் பேட்டரி மட்டும் ராத்திரி முழுக்க விளக்குக்கும் செட்டுக்கும் கொடுத்துக் களைத்திருக்கிறது. ரெகுலேட்டருக்கு மொத்தக் கணக்குதான் தெரியும், 28 வந்ததா என்று மட்டும் பார்க்கும். கீழ் பேட்டரி 13-ல் திணறிக்கொண்டிருந்தால், மீதி முழுவதையும் மேல் பேட்டரி தாங்கிக் கொதித்து வற்றும். ஒன்று பட்டினியில் சாகிறது, மற்றது அளவுக்கு மீறித் தின்று சாகிறது. இதில் படுத்த ஒன்றை மட்டும் மாற்றிப் புதிதை வைத்தால், பழசோடு சேர்ந்து புதிதும் சீக்கிரம் கெடும். நான் செய்தது இதுதான்: 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டி, 12 வோல்ட் சாமான் அத்தனையையும் அதற்கு மாற்றினேன். இரண்டு பேட்டரியும் சமமாகக் கொடுக்கும், சமமாக வாங்கும். அந்த வள்ளத்தின் அடுத்த ஜோடி பேட்டரி பல வருடம் ஓடியது. கன்வெர்ட்டர் வாங்கச் சொன்னபோது அந்தச் செலவுக்கு யோசித்தவர், பிறகு ஊரில் பாதிப் பேரை என்னிடம் அனுப்பினார்.

அடுத்தது ஒயர். உப்புக் காற்று செய்கிற அநியாயத்தைப் பார்க்க வேண்டுமானால், படகில் அஞ்சு வருடம் இருந்த சாதாரண கேபிளின் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி உறையைச் சீவிப் பாருங்கள். வெளியே உறை புதுசு மாதிரி வழவழப்பாக இருக்கும். உள்ளே செம்பு கறுத்துப் போயிருக்கும். லக் மாட்டிய இடத்தில் புகுந்த ஈரம் இழைக்கு இழை ஊர்ந்து உள்ளே வெகுதூரம் போயிருக்கும். அந்தக் கறுப்பின் மேல் ஈயப்பற்று பிடிக்காது. நுனியை வெட்டிவிட்டுப் புது லக் அடித்தாலும் கறுத்த செம்பின் மேல்தான் அடிக்கிறோம். செம்பு பளிச்சென்று தெரிகிறவரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், நீளம் போதாவிட்டால் முழு கேபிளையும் மாற்ற வேண்டும். வெள்ளீயம் பூசிய இழையுள்ள கேபிள் கிடைத்தால் விலை பார்க்காமல் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு படகில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இந்தக் கோளாறுதான் நல்ல பேட்டரிகளைச் செத்ததாகக் காட்டுகிறது. செல்ஃப் இழுக்கும்போது பல நூறு ஆம்பியர் ஓடும். 300 ஆம்பியர் ஓடுகிற பாதையில் நூறில் ஒரு ஓம் தடை இருந்தால் போதும், 3 வோல்ட் அங்கேயே சூடாகிப் போய்விடும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கொம்பின் மேலேயே வைக்க வேண்டும், கிளாம்ப்பின் மேல் வைத்தால் கிளாம்ப்புக்கு அடியில் இருக்கிற கோளாறு தெரியாது. மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில் வைத்து, "ஸ்டார்ட் அடிங்க" என்று சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ அடைப்பு. எர்த் பக்கத்தையும் இதே போலப் பார்க்க வேண்டும். எர்த்தைப் பார்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம், எனக்குக் கிடைத்த கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருந்தன. இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் மேலேயே போல்ட் முறுக்கியிருப்பார்கள். சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கி, மேலே வாசலின் தடவினால் ஒன்பதாயிரம் ரூபாய் பேட்டரி வாங்க வந்தவர் கூலி மட்டும் கொடுத்துவிட்டுப் போவார்.

வாசலினை முறுக்கிய பிறகுதான் தடவ வேண்டும். தடவிவிட்டு முறுக்குகிறவர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். முன்பு 45 நாள், 2017-லிருந்து 61 நாள். லாஞ்சிகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மரவேலை, பெயின்ட், இன்ஜின் வேலை எல்லாம் நடக்கும், பேட்டரியை மட்டும் யாரும் நினைப்பதில்லை. ஏப்ரல், மே வெயிலில் இன்ஜின் அறைக்குள் கிடக்கிற பேட்டரி, எந்த ஒயரும் மாட்டாமலே தானாக இறங்கும். இறங்கிய பேட்டரி அப்படியே கிடந்தால் பிளேட்டின் மேல் வெள்ளையாகப் படிந்து கெட்டிப்படும். ஜூன் 14 ராத்திரி எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் அடிக்கிறபோது பாதி லாஞ்சி உறுமாது. அந்த ஒரு ராத்திரிக்கு முன்னால் என் கடை வாசலில் நிற்கிற கூட்டத்தை வைத்து நான் சம்பாதித்திருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் ஏப்ரலிலேயே சொல்லிவிடுவேன்: கழற்றிக் கரைக்குக் கொண்டு வாருங்கள், மூடியைத் துடைத்து முழு சார்ஜ் போட்டு வையுங்கள், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மறுபடி போடுங்கள். படிந்துவிட்ட பேட்டரியையும் ஓரளவு மீட்கலாம். 130 ஆம்பியர் பேட்டரிக்கு 5, 6 ஆம்பியருக்கு மேல் கொடுக்காமல் ஒன்றரை, இரண்டு நாள் விட வேண்டும். அவசரத்துக்கு 30 ஆம்பியர் தள்ளினால் சூடாகிப் பிளேட் வளைந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்குத் தனிச் சாபம். குழாய்த் தண்ணீரும் உப்பு, போர்த் தண்ணீரும் உப்பு. கேன் தண்ணீர் ஊற்றினேன் அண்ணே, சுத்தமான தண்ணீர்தானே என்பார்கள். குடிக்கிற தண்ணீரில் தாது இருக்கும், பேட்டரிக்கு அதுவே விஷம். காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம். சார்ஜ் போட்ட பிறகு ஊற்றுங்கள், முதலிலேயே விளிம்புவரை ஊற்றினால் சார்ஜில் பொங்கி ஆசிட் வழியும்.

துறைமுகத்துக் கொட்டகையில் சார்ஜர் போடுகிறவர்கள் இன்னொரு புகார் கொண்டுவருவார்கள். சாயங்காலம் போட்டால் முள் எழும்பவில்லை, விடிந்து பார்த்தால் ஆசிட் கொதித்துக் கிடக்கிறது, சார்ஜர் பைத்தியமாகிவிட்டது என்று. சார்ஜரில் குறை இல்லை. பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜருக்குச் சொந்த புத்தி கிடையாது, வருகிறதற்குத் தக்கபடி கொடுக்கும். 230 வோல்ட்டில் 14.4 கொடுக்கிற சார்ஜர், நீள லைனும் ஐஸ் மெஷினும் இழுக்கிற சாயங்காலம் கரண்ட் 180-க்கு இறங்கினால் 11.3-தான் கொடுக்கும். 12 வோல்ட் பேட்டரிக்குள் அது எப்படி ஏறும்? நடுராத்திரி எல்லா மோட்டாரும் நின்று 250-க்கு ஏறினால் 15.7 கொடுக்கும், பேட்டரி கொதிக்கும். கரண்ட் வோல்ட்டை முதலில் அளந்துவிட்டுப் பிறகு சார்ஜரைத் திட்டுங்கள். இப்போது வருகிற எலக்ட்ரானிக் சார்ஜர் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். உப்பு ஈரத்தைத் தாங்காது. அதைப் படகில் விட்டுவைக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும்.

கொதிக்கிற பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். மூடிய இன்ஜின் அறைக்குள் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு, விடியற்காலையில் பலகையைத் திறந்ததும் சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளிப்பைப் பிடுங்கிய ஒரு பையனை எனக்குத் தெரியும். ஒரு பொறிதான். பேட்டரியின் மூடி கூரையில் அடித்தது, ஆசிட் முகத்தில் தெறித்தது. பக்கத்திலிருந்தவர்கள் குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்துக் கண்ணை விடாமல் கழுவிக்கொண்டே இருந்ததால் பார்வை தப்பியது. முதலில் சுவிட்சை அணை, பலகையைத் திறந்து காற்றாட விடு, பிறகு கிளிப்பை எடு. என்னிடம் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் முன் இதைக் கற்றுக்கொடுத்துவிடுவேன்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனாலும் காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது என்றால், எர்த் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஃப்யூஸை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். எதை உருவும்போது முள் விழுகிறதோ அங்கே திருடன். ஒரு ஸ்டீல் லாஞ்சியில் தண்ணீர் இறைக்கிற மோட்டாரின் மிதவை சுவிட்ச் ஒயர் அடித்தளத்து உப்புத் தண்ணீரில் மூழ்கிக் கசிந்துகொண்டிருந்தது. அந்த லாஞ்சியை மேலே ஏற்றியபோது படகைத் தள்ளுகிற காற்றாடியைப் பார்த்தேன். மஞ்சளாக மின்ன வேண்டிய இலையின் ஓரம் செம்பு நிறமாகச் சிவந்து, சுத்தியலால் தட்டினால் மணி ஓசை வராமல் மண்சட்டி மாதிரி சத்தம் கொடுத்தது. பித்தளையிலிருந்து துத்தநாகம் முழுக்கக் கரைந்துபோயிருந்தது. அரிப்பைத் தடுக்க உடம்பில் வைத்த ஜிங்க் கட்டியும் மிச்சமில்லை. பேட்டரிக் கசிவு என்று பார்க்கப் போனது, காற்றாடியையும் தின்றிருந்தது.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை இந்த ஊர் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். படகுகள் மிதந்தன, வீடுகளின் இன்வெர்ட்டர் பேட்டரிகள்தான் மூழ்கின. மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து ஆட்களை மீட்டார்கள். கரண்ட் இல்லாத அந்த நாள்களில் லாஞ்சியிலிருந்து கழற்றிய பேட்டரிகளை வைத்துத் தெருக்காரர்களின் போனுக்கு சார்ஜ் போட்டுக் கொடுத்தோம். வடிந்த பிறகு மூழ்கின பேட்டரிகள் குவிந்தன. மழைத் தண்ணீர் புகுந்ததென்றால் ஆசிட்டை மாற்றிப் பார்க்கலாம். கடல் தண்ணீர் புகுந்த பேட்டரி வேறு விஷயம். உள்ளே குளோரின் கிளம்பும், நெஞ்சை அடைக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது, சார்ஜிலும் போடக் கூடாது.

இப்போது திரேஸ்புரத்திலும் வெள்ளப்பட்டியிலும் லித்தியம் வந்துவிட்டது. எடை குறைவு, ஆயுள் அதிகம், சோலார் பலகையோடு நன்றாகப் போகும். எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு. ஆனால் இத்தனை வருடம் வோல்ட்டைப் பார்த்து வயிற்றைக் கணித்த கண்ணுக்கு அது பிடிகொடுக்காது. முக்கால் நிறைந்திருந்தாலும் 13.2, கால் இருந்தாலும் ஏறக்குறைய அதேதான். தீர்ந்ததும் உள்ளிருந்து பேட்டரியைக் காக்கிற பிஎம்எஸ் சர்க்யூட் படக்கென்று வெட்டிவிடும், விளக்கு மங்கி முன்னறிவிப்பு கொடுக்கிற பழக்கமெல்லாம் இல்லை. நடுக்கடலில் ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் ஒரே நொடியில் போகும். வயர்லெஸ்ஸுக்கென்று ஒரு சின்ன ஈய பேட்டரியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். 2017 ஒக்கி புயலில் கரையிலிருந்து போன எச்சரிக்கை எட்டாமல் எத்தனை பேர் போனார்கள் என்பதைப் பார்த்த கரை இது.

ஆல்டர்னேட்டருக்கும் லித்தியத்துக்கும் நேராக ஒயர் கொடுப்பது இப்போது பரவிவருகிற கோளாறு. ஈய பேட்டரி நிறைய நிறையக் கரண்ட் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கடைசிவரை முழு வீச்சில் இழுக்கும், ஆல்டர்னேட்டர் ஓய்வில்லாமல் கொதிக்கும். நிறைந்ததும் பிஎம்எஸ் வெட்டினால், போகிற கரண்டுக்கு இடமில்லாமல் வோல்ட் ஒரு கணம் எகிறி டயோடுகளைக் கொன்றுவிடும். போன வருடம் ஒரு பையன் டயோடு மாற்றவே அடுத்தடுத்து வந்தான். நடுவில் அளவாகக் கொடுக்கிற சார்ஜர் ஒன்றை மாட்டிய பிறகு வரவில்லை. லித்தியம் வாங்க விசாரித்து வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர், அதிலிருந்து பேட்டரிக்கு லைன் எப்படிப் போகிறது என்பதைத்தான். சொல்லத் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை படகு கரையில் கிடக்கும்போது நானே வந்து பார்க்கிறேன், அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.